வேண்டாம் என்றால் வெண்டைக்காய்

சாப்பிடப் போகிற இடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போனது என்னுடைய தவறுதான். இருபத்திரண்டு வருடமாக ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். பெயர் பூபதி. எத்தனையோ ஆடிட்டுகளைப் பார்த்தவன். ஒரே கியரின் விட்டத்தைப் பதினாறு படிவங்களில் எழுதச் சொன்னபோதும் வாய் திறக்காமல் எழுதியவன். ஆனால் அங்கெல்லாம் கடைசியில் கியர் என்று ஒன்று கண்ணெதிரே இருந்தது.

என் மகன் சக்தியும் அவனோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் காவியாவும் கல்யாணம் செய்துகொள்வதற்காக மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். காவியாவின் அப்பா திம்மப்பன் உத்தனப்பள்ளியில் தக்காளி போடுகிறவர். அவர்கள் வீட்டில் கன்னடம். நாங்கள் துறையூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். மொழி ஒரு தடையே இல்லை. திம்மப்பன் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே வேகத்தில் பேரம் பேசுவார். தடையாக இருந்தது கை நனைப்பது.

சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் பேச்சு முடிந்தது, சம்மதம் என்று அர்த்தம். எங்கள் பக்கமும் இப்படித்தான், அவர்கள் பக்கமும் இப்படித்தான். இரண்டு குடும்பங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லாத ஒரே விஷயம் அதுதான். அதனால் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு மணி நேரம் முறுக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அடுப்படியிலிருந்து வந்த கோழிக்குழம்பு வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பசியோடு இருக்கிறவர்கள் பேசினால் பேச்சு எங்கே உருப்படும்? இரண்டு முறையும் கல்யாணம் ஓசூரிலா உத்தனப்பள்ளியிலா என்ற இடத்தில் முட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டோம். மூன்றாவது முறையும் கூடவில்லையென்றால் ஆனேக்கல்லிலிருந்து கேட்டு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கே தலையாட்டிவிடப் போவதாகத் திம்மப்பன் சொல்லி அனுப்பினார். அவர் மிரட்டுகிற ஆள் இல்லை. செய்யப் போவதைச் சொல்கிற ஆள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஓட்டலில் சந்திக்கலாம் என்பது சக்தியின் யோசனை. ஓட்டல் யார் வீடும் இல்லை. அங்கே எத்தனை முறை கை நனைத்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. அர்த்தமில்லாமல் ஒரு வேளை சாப்பிட்டு, வயிறு நிறைந்தபின் நிதானமாகப் பேசலாம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஜூஜுவாடியில் புதிதாகத் திறந்திருந்த பஞ்சபாஷா பவனைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று ஐந்து மொழிகளில் போர்டு, அதன் கீழே ‘உங்கள் பசி, உங்கள் மொழியில்’ என்று வாசகம். எங்கள் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ஐந்து மொழியிலும் சரளமாகத் திட்டுவார். அதற்காக அவர் போர்டு வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குப் போனோம். உள்ளே முக்கால்வாசி மேஜைகள் காலி. ஆனாலும் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டங்களில் ஆளுக்கு ஒன்றில் நிற்கச் சொன்னார்கள். திம்மப்பன் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனால் முதலில் நாற்காலி போட்டுவிட்டுத்தான் அவரிடம் வணக்கமே சொல்வார்கள். அவரும் அவர் மனைவி பார்வதியும் வட்டத்துக்குள் காலை ஒடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

லாவண்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் டேப்லட்டோடு வந்து, மேஜையின் தாய்மொழி என்ன என்று கேட்டாள். மேஜைக்கா என்று கேட்டேன். ஆமாம், ஒரு மேஜைக்கு ஒரு மொழி, பெரும்பான்மை எதுவோ அது என்றாள். நாங்கள் மூன்று பேர் தமிழ், அவர்கள் மூன்று பேர் கன்னடம். மூன்றுக்கு மூன்று வந்தால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராதாம். எல்லோருக்கும் தமிழ் தெரியும், தமிழ் என்றே போடுங்கள் என்றாள் காவியா. கல்யாணத்துக்கு முன்பே கட்சி மாறிவிட்டாளா என்று திம்மப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதைக் கவனித்த நான், கன்னடம் என்றே போடுங்கள் என்றேன். இப்போது என் மனைவி காளியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்படிப்பட்ட சிக்கலுக்குப் பன்மொழி மேஜை என்று ஒன்று உண்டாம். அதற்கு மேலாளர் அனுமதி வேண்டும். மேலாளர் சுரேந்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய பதவி விருந்தினர் அனுபவ மேலாளர். எங்கள் அனுபவத்தை அவர் மேலாண்மை செய்யப் போவதாக அப்போதே எச்சரித்திருந்தார்கள், நான்தான் அதைப் பதவியின் பெயர் என்று நினைத்துவிட்டேன்.

“வெளியில எல்லாரும் மொழிக்காக அடிச்சுக்கறாங்க சார்,” என்றார் சுரேந்தர். “இங்க அந்த பிரச்சினையே கெடையாது. ஏன்னா நாங்க ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா டேபிள் பிரிச்சு வெச்சிருக்கோம்.”

அதைச் சொல்லிவிட்டு எங்கள் கைதட்டலுக்காகச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு பன்மொழி மேஜைக்கு விசேஷ அனுமதி கொடுத்தார்.

அடுத்த கேள்வி, எதற்காகச் சாப்பிட வந்திருக்கிறோம் என்பது. பிறந்த நாள், திருமண நாள், பதவி உயர்வு, பணி ஓய்வு, நிச்சயதார்த்தம் என்று பட்டியல் இருந்தது. கடைசியில் இருந்ததைப் பார்த்ததும் ஆறு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். சும்மாதான் வந்தோம் என்றேன்.

“சும்மா யாரும் சாப்பிட மாட்டாங்க சார்,” என்றார் சுரேந்தர். “அப்படி ஒரு ஆப்ஷனே கம்பெனி குடுக்கல.”

லாவண்யா இரக்கப்பட்டு ‘மற்றவை’ என்பதைத் தொட்டாள். மற்றவை என்று போட்டால் காரணத்தை சிஸ்டமே பிறகு கண்டுபிடித்துக்கொள்ளும் என்று மெதுவாகச் சொன்னாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எல்லாவற்றையும் தாண்டி வந்த பிறகுதான் உண்மையான வினை. ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் விருந்தளிப்பவர் யார் என்று பெயர் எழுதியாக வேண்டும். என் பெயரை எழுதினால் திம்மப்பன் குடும்பம் மாப்பிள்ளை வீட்டு விருந்தில் கை நனைத்ததாக ஆகும். அவர் பெயரை எழுதினால் நாங்கள் பெண் வீட்டில் கை நனைத்ததாக ஆகும். எதிலிருந்து தப்பிக்க இத்தனை தூரம் வந்தோமோ அது இங்கே கட்டாயக் கேள்வியாக, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருந்தது. காலியாக விடுங்கள் என்று கெஞ்சினேன். விருந்தளிப்பவர் இல்லாத மேஜை அநாதை மேஜை, அதற்குச் சமையலறை பொறுப்பேற்காது என்றார் சுரேந்தர். அப்படியானால் உங்கள் ஓட்டல் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள், சோறு போடுவது நீங்கள்தானே என்றேன். அவர் என்னை நன்றாக ஒரு முறை பார்த்துவிட்டு, நாங்கள் சோறு போடுவதில்லை, அனுபவம் வழங்குகிறோம் என்று திருத்தினார்.

மணி ஒன்றேகால். பார்வதிக்குச் சர்க்கரை வியாதி. முகம் வாடிவிட்டது. திம்மப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் அடுத்தது செருப்பை மாட்டுவார் என்று இரண்டு முறை பார்த்து வைத்திருந்தேன்.

அப்போது சக்தி வெளியே ஓடிப்போய் மாதப்பனைக் கூட்டி வந்தான். மாதப்பன் அஞ்செட்டிக்காரர், உத்தனப்பள்ளியிலிருந்து பெண் வீட்டாரை வேனில் ஓட்டிக்கொண்டு வந்தவர். இரண்டு குடும்பத்துக்கும் உறவில்லை, பகையும் இல்லை. உங்கள் பெயரை விருந்தளிப்பவர் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, சோறு உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றார்கள். எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஆக, எங்கள் குடும்பத்துக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதப்பன் விருந்தளித்தார். மேஜையின் தலைமாட்டில் உயரமான நாற்காலியில் அவரை உட்கார வைத்து, குறுக்கே ஜரிகைப் பட்டி ஒன்றை மாட்டி, சுரேந்தர் ஐந்து மொழிகளில் வரவேற்றார். மாதப்பன் வேன் சாவியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு தட்டு எப்போது வரும் என்று கேட்டார்.

பஞ்சபாஷா பவனில் ஆர்டரை மனிதர்கள் எடுப்பதில்லை. மனிதக் காதில் தவறு நேரும் என்பதால் மேஜை நடுவில் சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குச் செவி என்று பெயர். ஒருமொழி மேஜையில் அது ஒரு மொழியைக் கேட்கும். பன்மொழி மேஜையில் ஐந்தையும் ஒரே நேரத்தில் கேட்கும். ஒரு பதார்த்தத்தின் பெயர் காதில் விழுந்தால் அதைத் திருப்பிச் சொல்லி ‘உறுதியா?’ என்று கேட்கும். ஐந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சமையலறைக்குச் சொல்லிவிடும்.

ஏழு சாப்பாடு என்றேன். எந்த மாநிலச் சாம்பார் என்று கேட்டது பெட்டி. வெல்லம் போட்டதுதான் சாம்பார் என்பது திம்மப்பன் கட்சி. வெல்லம் போட்டால் அது பாயசம் என்பது துறையூர்க் கட்சி, அதாவது காளியம்மாள். பன்மொழி மேஜைக்கு ஒருமித்த சாம்பார்தான் தர முடியும், முடிவு வரும்வரை சாப்பாடு நிறுத்தி வைக்கப்படுகிறது என்றது பெட்டி. கல்யாணம் எந்த ஊரில் என்பதற்கே ஒருமித்த முடிவுக்கு வர முடியாதவர்களிடம் இதைக் கேட்டால் என்ன செய்வது?

காளியம்மாள்தான் இறங்கி வந்தாள். பார்வதியின் முகத்தைப் பார்த்திருப்பாள். திம்மப்பனைச் சம்பந்தி என்று கூப்பிடும் உரிமை இன்னும் வரவில்லை, அதனால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். “நீங்க சொல்றதே இருக்கட்டுங்கண்ணா,” என்றாள்.

“அன்னம் ஒன்று. உறுதியா?” என்றது பெட்டி.

கன்னடத்திலும் தெலுங்கிலும் அன்னம் என்றால் சோறு. மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியாத செவி அது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் ஐந்து விநாடி ஓடிவிட்டது. ஒரு தட்டு வெறுஞ்சோறு வந்தது. ஐயோ இது எதுக்குண்ணா என்றாள் காளியம்மாள். இரண்டாவது தட்டு வந்தது. நான் அவளை வாயை மூடச் சொன்னேன். அவள், அண்ணா முன்னாடி என்னை இப்படிப் பேசலாமா என்று கேட்டாள். மூன்றாவது வந்தது.

பார்வதி பெட்டியிடமே நேரடியாகப் பேசிப் பார்த்தார். கன்னடத்தில் ‘பேட, பேட’ என்றார். வேண்டாம் என்று அர்த்தம். பால்கோவா நிறத்தில் இரண்டு தட்டுப் பேடா வந்தது. சர்க்கரை வியாதிக்காரர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். நான் தமிழில் வேண்டாம் என்றேன். வெண்டைக்காய் வறுவல் வந்தது. திம்மப்பன் அதையே தெலுங்கில் ‘வத்து’ என்றார். வற்றல் வந்தது. சக்தி, தன்னோடு வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில் ‘நஹி’ என்றான். ஒரு கிண்ணம் நெய் வந்தது. ஐந்து மொழி தெரிந்த அந்தப் பெட்டிக்கு ஒரு மொழியிலும் மறுப்பு என்பது தெரியாது.

ஒன்பதாவது தட்டுச் சோறு வந்தபோது சுரேந்தரைக் கூப்பிட்டேன். அவர் மேஜையைச் சந்தோஷமாகப் பார்த்தார்.

“செவி தப்பாக் கேக்காது சார், வாய்தான் தப்பாச் சொல்லும்,” என்றார். “இந்த பிராஞ்ச் ஓபன் பண்ணி எட்டு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு கஸ்டமர்கூட எதையும் வேணாம்னு சொன்னதா ரெக்கார்டு இல்ல. அவ்ளோ சாட்டிஸ்ஃபேக்சன்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படிப்பட்ட ரெக்கார்டுகளை நானும் கம்பெனியில் எழுதியிருக்கிறேன் என்பதால் இன்னும் அதிகமாகக் கொதித்தது. பெட்டியை அணைக்க முடியுமா என்று கேட்டேன். அணைத்தால் மேஜையே அணைந்துவிடும், வட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார். பேசாமல் இருந்தால் போதும், பேச்சைக் குறைத்துக்கொண்டால் அனுபவம் கூடும் என்று ஆலோசனையும் சொன்னார்.

பேசத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதில் என்ன பதார்த்தம் ஒளிந்திருக்குமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். சாம்பார் இன்னும் வரவில்லை. மாதப்பன் மட்டும் யாருக்கும் காத்திராமல் சோற்றில் நெய்யை ஊற்றி, வற்றலைக் கடித்துக்கொண்டு முதல் தட்டை முடித்தார். அவருக்கு யார் வீட்டிலும் பெண் எடுக்க வேண்டியதில்லை.

மௌனத்தில்தான் ஒரு நல்லது நடந்தது. காவியா பையிலிருந்து பேனாவை எடுத்துச் சக்தியிடம் நீட்டினாள். அவன் டிஷ்யூ தாளில் ஒரு பக்கம் ஓசூர் என்றும் மறுபக்கம் உத்தனப்பள்ளி என்றும் எழுதி என் முன்னால் தள்ளினான். மூன்று வருடம் காத்திருந்த பிள்ளை, இரண்டு ஊர்ப் பெயர்களுக்காக. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. உத்தனப்பள்ளியில் டிக் அடித்துத் தாளைத் திம்மப்பனிடம் தள்ளினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேளம் கொட்டியது.

ஆறேழு பணியாளர்கள் காகிதத் தொப்பியோடு வரிசையாக வந்தார்கள். முன்னால் சுரேந்தர். இரண்டு குடும்பம், நிறையச் சோறு, இரண்டு தட்டு இனிப்பு, பேச்சில்லாமல் அமர்ந்திருக்கும் பெரியவர்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, இது நிச்சயதார்த்தம் என்று சிஸ்டம் கண்டுபிடித்துவிட்டதாம். ஐந்து மொழிகளில் வாழ்த்துப் பாடினார்கள். எனக்கும் திம்மப்பனுக்கும் கழுத்தில் ஆளுக்கொரு மாலை போட்டு, சம்பந்திகள் இருவரும் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அக்கம்பக்கத்து மேஜைகளில் கைதட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார்.

திம்மப்பன் மெதுவாக எழுந்தார். மாலையைக் கழற்றி, உதிராமல் மடித்து, மேஜையில் வைத்தார்.

“பேசி முடிக்கறதுக்குள்ள ஆள வெச்சு மால போட்டுட்டீங்க இல்லீங்களா,” என்றார் என்னிடம். “நாலு பேரு பாத்தாச்சு, போட்டோ புடிச்சாச்சு, இனி இந்தாளு எங்க போவான்னு நெனச்சீங்களா? என் பொண்ண நான் குடுக்கணும். நீங்க புடுங்கக் கூடாது.”

“சத்தியமா நான் இல்லைங்க,” என்றேன்.

“வாழை இலை ஒன்று. உறுதியா?” என்றது பெட்டி.

என் வாழ்க்கையில் நான் அப்படி நொந்துபோனதில்லை. ஒரு மனிதன் தன் பக்கத்து உண்மையைச் சொல்லக்கூட விடாத இடத்துக்கு, என் கால்களாலேயே நடந்து வந்து, வட்டத்தில் நின்று, அனுமதி வாங்கி உள்ளே நுழைந்திருக்கிறேன். காவியா அழவில்லை. அந்த டிஷ்யூ தாளை எடுத்து நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

திம்மப்பன் பார்வதியைக் கிளம்பச் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். ஆனால் வேன் சாவி மாதப்பன் சட்டைப் பையில் இருந்தது. மாதப்பன் மூன்றாவது தட்டில் இருந்தார். திம்மப்பன் கூப்பிட்டதற்கு, இதோ முடித்துவிட்டு வருகிறேன் என்று எச்சில் கையைக் காட்டினார். வேறு வழியில்லாமல் திம்மப்பன் வாசல் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

நான் சுரேந்தரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் சிஸ்டம்தான் இப்படிச் செய்தது, எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று அந்தப் பெரியவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். வாழ்த்தைத் திரும்பப் பெற ஏற்பாடு இல்லை என்றார். வாழ்த்து வேண்டாம், உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அதற்கும் இல்லை என்றார். என் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டு ஏற்பாடு இல்லை என்கிறீர்களே, மனிதர்தானா நீங்கள் என்று கேட்டேன். தொப்பி போட்டவர்கள் மேளத்தை நிறுத்தினார்கள்.

சுரேந்தர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். “டென்சன் ஆகாதீங்க சார். உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். ஷாப் ஃப்ளோர்ல நின்னுட்டு வர்றவங்களுக்கு இந்த மாதிரி எடத்துல உக்காந்து சாப்பிடற கல்ச்சர் புதுசு. ஒண்ணும் புரியாது, கத்துவாங்க. அதுக்குத்தான் வட்டமெல்லாம் போட்டு ட்ரெய்ன் பண்றோம். நெக்ஸ்ட் டைம் பழகிடுவீங்க.”

மகன் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். காளியம்மாள் ஏதோ சொல்ல நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். அதற்குள் வாசலிலிருந்து ஆள் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்த திம்மப்பன் சுரேந்தருக்கும் எனக்கும் நடுவில் நின்று மேஜையில் ஓங்கித் தட்டினார். சோற்றுத் தட்டுகள் எகிறி அமர்ந்தன.

“யார்கிட்ட என்னா பேசறன்னு தெரிஞ்சு பேசு,” என்றார். “இருவது வருசம் மெசினுகிட்ட நின்னு சம்பாரிச்சு புள்ளைய ஆளாக்கின மனுசன் அவுரு. உக்காந்து சாப்புட நீ சொல்லிக் குடுப்பியா? மணி ரெண்டாச்சு, உன் கல்ச்சருல ஒரு கரண்டி சாம்பாரு இல்ல. எங்க சம்மந்திய இன்னொரு வார்த்த பேசுனீன்னா நடக்கறதே வேற.”

“தேங்காய்ச் சம்மந்தி ஒன்று. உறுதியா?” என்றது பெட்டி.

எங்கள் கம்பெனி கேன்டீனில் பாதிப் பேர் மலையாளிகள். துவையலை அவர்கள் சம்மந்தி என்பார்கள் என்று எனக்குத் தெரியும். திம்மப்பனுக்கும் தெரியும்போல, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்று அப்போதுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பார்வதி கண்ணெடுக்காமல் கணவரைப் பார்த்தார். காவியாவின் கைக்குள் தாள் கசங்கியது. காளியம்மாள் அண்ணா என்று வாயெடுத்து, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. சும்மா இருந்தாலே போதும், பெட்டி தானாகச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு சம்மதம் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. நான்காவது விநாடியில் திம்மப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உறுதி,” என்றார்.

சுரேந்தர் டேப்லட்டில் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். சமையலறைப் பக்கமிருந்து லாவண்யா ஓடி வந்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தேங்காய் தீர்ந்துவிட்டது, சம்மந்தி இன்றைக்குக் கிடையாது என்றாள்.

“அதுக்குப் பதிலா வேற ஏதாவது மாத்திக்கறீங்களா சார்?”

திம்மப்பன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன சோற்றுத் தட்டு ஒன்றைத் தன் முன்னால் நகர்த்திக்கொண்டார்.

“சம்மந்திய எல்லாம் மாத்தற பழக்கம் எங்க ஊர்ல இல்லம்மா,” என்றார். “அந்த நெய்ய இப்படித் தள்ளு.”